மின்மினியிடம் பொய் சொல்லலாமா?

ஒரு பேனா டார்ச்சும், மனசுக்குள் விநாடி எண்ணுகிற பொறுமையும் இருந்தால் போதும். ஒரு மின்மினியை உங்கள் விரல் நுனிக்கே வரவழைத்துவிடலாம்.

எல்லா மின்மினியும் அப்படி வராது. நான் சொல்வது அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், புல் வெட்டாமல் விட்ட வெளிகளில் ஜூன், ஜூலை மாதங்களில் பறக்கிற ஃபோட்டினஸ் பைராலிஸ் என்கிற இனம். அங்கே குழந்தைகள் ஜாடியில் பிடித்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். சூரியன் மறைகிற நேரத்திலேயே ஆண்கள் கிளம்பிவிடும். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், அதற்கு மேல் அவசரப்பட்டு எங்கும் போவதில்லை. மெதுவாகப் பறந்துகொண்டே கொஞ்சம் தாழும். தாழ்ந்து மேலே எழும்போது அரை விநாடி மஞ்சளாக எரியும். காற்றில் யாரோ 'ஜே' என்ற ஆங்கில எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனதுபோல இருக்கும். அப்புறம் இருட்டு. ஆறு விநாடி போல கழித்து, சில அடி தள்ளி, இன்னொரு ஜே. குளிர்ந்த இரவென்றால் இடைவெளி நீளும், புழுக்கமான இரவென்றால் குறையும்.

பெண் சாதாரணமாகப் பறப்பதில்லை. புல்லில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு ஆண் அதற்குச் சரி என்று பட்டால், அவன் ஒளி எழுதிய ஏறக்குறைய இரண்டு விநாடி கழித்து ஒரே ஒரு தடவை ஒளிரும். அந்த இரண்டு விநாடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒளியின் நிறமோ பிரகாசமோ அத்தனை முக்கியமில்லை. தப்பான இடைவெளியில் வருகிற வெளிச்சத்தை ஆண் கண்டுகொள்ளாமல் போய்விடும். சரியான இடைவெளியில் வந்தால் திரும்பும், பக்கத்தில் வந்து மறுபடி கேட்கும், மறுபடி பதில் வரும். ஐந்தாறு முறை இப்படிப் பேசி முடித்த பிறகு இறங்கி, புல் தண்டில் நடந்து அவளிடம் போய்ச் சேரும்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். டார்ச்சைப் புல்லுக்குள் தாழ்த்திப் பிடித்து, முன்பக்கத்தை விரலால் பாதி மூடிக்கொண்டு, ஒரு ஜே எழுதி முடிந்ததும் இரண்டு எண்ணி, ஒரு மினுக். அவன் திரும்புவான்.

முதல் தடவை அவன் திரும்பும்போது வருகிற சந்தோஷத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. மனிதன் இல்லாத ஒரு உயிர் ஒரு கேள்வி கேட்டது, அதன் பாஷையிலேயே நான் பதில் சொன்னேன், அதற்குப் புரிந்துவிட்டது. நாய் வாலாட்டுவது மாதிரி இல்லை இது. நாய்க்கு நம்மைத் தெரியும். இதற்கு நாம் இருப்பதே தெரியாது.

ஒரு முறை நண்பனின் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஏழு வயசு. இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டாள். ஒரு ஆண் இறங்கி, அவள் கைக்குள் இருந்த டார்ச்சின் விளிம்பில் ஏறி, அங்கேயும் இங்கேயும் நடந்து, மறுபடி மறுபடி ஒளிர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, வந்துருச்சு. இப்ப இதுகிட்ட என்ன சொல்லணும்?"

சொல்ல எதுவும் இல்லை. நமக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது ஒரே வார்த்தை. 'வா.' அதைச் சொல்கிற தகுதி நமக்குக் கிடையாது.

*

"பூச்சிதானே, விடுங்க" என்று சிலர் சொல்வார்கள். அதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒரு கார் ஒரு ராத்திரி நெடுஞ்சாலையில் போனால் கண்ணாடியில் அடிபட்டுச் சாகிற பூச்சிகள் எத்தனை! அதைப் பற்றி நாம் கட்டுரை எழுதுவதில்லை. கொசுவை அடிக்கிறோம், கரப்பானுக்கு மருந்து அடிக்கிறோம். ஒரு மின்மினியை ஐந்து நிமிஷம் அலையவிட்டதை அந்தக் கணக்கில் வைத்தால் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் அதற்கு எவ்வளவு என்று பார்க்கலாம். இந்த மின்மினி ஒன்று முதல் இரண்டு வருஷம் மண்ணுக்குள் புழுவாக இருக்கிறது. மண்புழுவையும் நத்தையையும் தின்று வளர்கிறது. இறக்கை முளைத்து வெளியே வந்தபின் அதன் ஆயுள் சில வாரங்கள்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலும் எதையும் தின்பதில்லை. தினமும் பறக்கிற நேரம் அந்தி சாய்ந்த கொஞ்ச நேரம் மட்டும். புல்வெளியில் பறக்கிற ஆண்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பதில் சொல்லத் தயாராக உள்ள பெண்கள் மிகக் கொஞ்சம். அதோடு, ஆண் வெறுங்கையோடு வருவதில்லை. விந்தோடு சேர்த்து ஒரு புரதப் பொட்டலத்தையும் பெண்ணுக்குக் கொடுக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா லூயிஸ் வருஷக்கணக்காக ஆராய்ந்தது இந்தச் சீதனத்தைத்தான். அவள் சாப்பிடப்போவதில்லை, முட்டைக்கான சத்து எங்கிருந்தாவது வரவேண்டும். அதில் ஒரு பங்கு இவன் கொண்டுவருவது. இவனும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது தின்றதிலிருந்து மிச்சம்பிடித்த சொத்து அது. அதைச் சுமந்துகொண்டுதான் உங்கள் டார்ச் மேல் ஏறி நிற்கிறது.

சரி, இதெல்லாம் சேதத்தின் அளவு. எனக்குள்ள கேள்வி வேறு. கொசுவை அடிக்கும்போது நான் அதற்கு எதையும் வாக்களிக்கவில்லை. இங்கே வாக்களித்திருக்கிறேன். உயிரைக் கொல்வது பற்றி நம்மிடம் எத்தனையோ அறநூல்கள் உண்டு. ஒரு பூச்சியிடம் பொய் சொல்வதைப் பற்றி யாரும் விதி எழுதியதில்லை. எழுதத் தேவை வந்திருக்காது. அது கேட்கிற கேள்வி நமக்குப் புரிந்தால்தானே பொய் சொல்லமுடியும்? புரிய ஆரம்பித்து இன்னும் ரொம்ப காலம் ஆகவில்லை.

*

அந்தப் புல்வெளியில் ஏமாற்றுவது நாம் மட்டுமில்லை என்பதால் விஷயம் சிக்கலாகிறது.

அங்கேயே இன்னொரு மின்மினிக் குடும்பம் இருக்கிறது. பெயர் ஃபோட்டூரிஸ். பெயர்கள் ரெண்டும் குழப்பும் என்பதால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஃபோட்டினஸ் சின்னவன், ஃபோட்டூரிஸ் பெரியவள். நீளமான கால்கள், நல்ல வேகம். இவளுடைய இனத்துக்கென்று தனி ஒளிப் பாஷை உண்டு. இணைசேர்ந்த பிறகு இவள் புல்லில் உட்கார்ந்து சின்னவனின் பாஷையில் பதில் சொல்ல ஆரம்பிக்கிறாள். அதே இடைவெளி, அதே ஒற்றை மினுக். இறங்கி வருகிற ஆணைப் பிடித்துத் தின்கிறாள்.

இதை முறையாகக் கவனித்துப் பதிவுசெய்தவர் ஜேம்ஸ் லாயிட். பின்னாளில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 1965இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1975இல் இன்னொரு கட்டுரை: ஒரே ஃபோட்டூரிஸ் பெண், வெவ்வேறு இனத்து ஆண்களுக்கு, அந்தந்த ஆணின் ஒளியைப் பார்த்து அதற்கேற்ற பதிலை மாற்றி மாற்றிச் சொல்கிறது. பத்து ஆண்களுக்குப் பதில் சொல்லியும் ஒன்றைக்கூடப் பிடிக்காமல் போவது அரிது என்று அவர் எழுதியிருந்தார்.

அவள் சாப்பிடுவது பசிக்கு மட்டுமல்ல. சின்னவனின் ரத்தத்தில் லூசிபுஃபாஜின் என்று ஒரு கசப்பு விஷம் இருக்கிறது, தேரையின் விஷத்துக்குச் சொந்தக்கார ரசாயனம். சிலந்தியும் பறவையும் அதனால் அவனைத் தொடுவதில்லை. அவளால் அதைத் தானே போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரின் குழு 1997இல் காட்டியது இதுதான்: சின்னவனைத் தின்ற ஃபோட்டூரிஸைத் தாவும் சிலந்தி ஒதுக்குகிறது, தின்னாததைப் பிடித்துச் சாப்பிட்டுவிடுகிறது. அந்த விஷத்தை அவள் முட்டைகளுக்கும் கொடுக்கிறாள் என்று பிறகு தெரியவந்தது. பொய் சொல்லி வாங்கிய கவசத்தைப் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுகிறாள்.

லாயிட் 1965 கட்டுரையின் தலைப்பிலேயே அவளை மயக்கி அழிக்கிற பெண் என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று வரை எல்லா ஆவணப்படத்திலும் அவள் வில்லிதான். இதே லாயிட் 1980இல் இன்னொன்றும் எழுதினார். ஃபோட்டூரிஸ் ஆண்களும் சின்னவனின் ஜேயைப் போலி செய்கின்றன. எதற்கு? இரை வருகிறது என்று நினைத்து அவள் பதில் சொல்வாள், அதை வைத்து அவள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம், அதற்குத்தான் என்பது அவருடைய ஊகம். அந்த ஆண்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

*

அவள் பொய் சொல்கிறாளா?

அகஸ்டின் கி.பி. 395 வாக்கில் பொய்யைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அவர் கணக்கில், சொன்னது உண்மையா என்பது பொய்யைத் தீர்மானிப்பதில்லை. தப்பான ஒன்றை உண்மை என்று நம்பிச் சொல்கிறவன் பொய்யன் இல்லை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லி ஏமாற்ற நினைப்பதுதான் பொய். இந்த அளவுகோலில் ஃபோட்டூரிஸ் நிரபராதி. 'நான் உன் இனத்துப் பெண் இல்லை' என்று அவளுக்கு உள்ளே ஒரு எண்ணம் ஓடுவதாகச் சொல்ல நம்மிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஒளியைக் கண்டதும் அதற்கேற்ற பதில் வருகிறது, அவ்வளவுதான். அந்தப் பதில் லட்சக்கணக்கான வருஷங்களில், சரியாகச் செய்தவை பிழைத்து, தப்பாகச் செய்தவை பட்டினி கிடந்து, சீவிச் செதுக்கப்பட்டது.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்குவது வேறு திசையிலிருந்து. நடந்ததை நடந்தபடி சொல்வது வாய்மை என்று அவர் வரையறுப்பதில்லை. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத சொல்லே வாய்மை என்கிறார். அடுத்த குறளில் இன்னும் துணிந்து, குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறார். அரசியல்வாதி முதல் மாப்பிள்ளை பார்க்கிற தரகர் வரை எல்லோரும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்ட குறள் அது. ஆனால் மூன்றாவது குறளிலேயே மனசைக் கொண்டுவந்துவிடுகிறார். தெரிந்தே சொன்ன பொய், சொன்னவனின் மனசாட்சியைத்தான் பிறகு வாட்டும். மூன்றையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வள்ளுவர் பேசியது மனிதர் சொல்லைப் பற்றி. அதைப் பூச்சிக்குப் போடுவது கொஞ்சம் அத்துமீறல்தான். இருந்தாலும் போட்டுப் பார்த்தால், விளைவை மட்டும் வைத்தால் அவள் ஒளி வாய்மையில் சேராது. மனசை வைத்தால் அவளைக் குற்றம் சொல்ல இடமில்லை. அகஸ்டினும் மூன்றாவது குறளும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுகிறார்கள். அந்தப் புல்வெளியில் தான் யார் என்று தெரிந்து, ஆண் எதைக் கேட்கிறது என்றும் தெரிந்து, அதற்குப் பிறகும் தப்பான பதிலைச் சொல்கிற ஒரே உயிர் டார்ச் பிடித்திருக்கிற நாம்தான். ஃபோட்டூரிஸ் கொல்கிறாள், நாம் கொல்லவில்லை. ஆனால் பொய் என்ற சொல் நமக்குத்தான் பொருந்துகிறது.

இதைக் கேட்டதும் ஒருவர், "அப்ப லாயிட்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய வாழ்க்கை முழுக்க இந்தப் பொய்தான். புல்வெளி புல்வெளியாக அலைந்து டார்ச்சால் பேசினார். சில சமயம் பெண்ணாக, பல சமயம் ஆணாக. ஆணின் ஒளியைப் போலச் செய்து, புல்லில் எங்கிருந்து பதில் வருகிறது என்று பார்த்து, போய் யார் என்று பார்ப்பார். அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்தால் ஒன்றுபோலவே தெரிகிற பூச்சிகள், ஒளிரும் விதத்தை வைத்துப் பார்த்தால் வேறு வேறு இனங்கள் என்று இப்படித்தான் பிரித்தறிந்தார். அவர் ஆணாக நடித்தபோது சில தடவை பதில் சொன்னது ஃபோட்டூரிஸ். ஆணாக நடித்த மனிதருக்குப் பெண்ணாக நடித்த வேட்டைக்காரி பதில் சொல்கிறாள். அந்த உரையாடலில் ஒரு சொட்டு உண்மை கிடையாது. நமக்கு இன்று இவளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் இரண்டாவது குறளைக் கையில் எடுக்கலாம்: நன்மை விளைந்ததே! விளைந்தது, நமக்கு. இறங்கி வந்து ஏமாந்த அந்த ஆணுக்கு இல்லை. ஒருவனிடம் பொய் சொல்லி வேறொருவனுக்குக் கிடைக்கிற நன்மையைக் 'குற்றமில்லாதது' என்று சொல்லமுடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சியில் மனிதர்களிடம் இதையே செய்தால் அனுமதி கேட்கவேண்டும், பிறகு உண்மையைச் சொல்லவேண்டும். மின்மினியிடம் ரெண்டும் முடியாது.

இருந்தும் நான் லாயிட் பக்கம்தான். அவர் ஒரு கேள்வியோடு போனார். பதில் கிடைத்ததும் டார்ச்சை அணைத்தார். கிடைத்த அறிவு அந்த இனங்களுக்குப் பெயரும் எல்லையும் கொடுத்தது. பெயரில்லாத ஒன்றைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். அந்தக் கடன் பாதியாவது அடைந்தது. விருந்தாளிகள் முன்னால் பத்துப் பதினைந்து மின்மினியை வரவழைத்துக் காட்டுகிறவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்னப் பெண்ணுக்கு ஒரு தடவை காட்டியது எந்தப் பக்கத்தில் சேரும்? அவள் கேட்ட கேள்விக்காகவே அதை முதல் பக்கத்தில் வைக்கிறேன். இதில் எனக்குச் சலுகை கொடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

*

பொய்யைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம் வீட்டு வாசல் விளக்கைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வர்ஜீனியாவில் புல்வெளியில் விளக்கு வைத்துச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வெளிச்சத்தில் இதே சின்னவனின் காதல் பேச்சும் இணைசேர்வதும் குறைந்தன. ஃபோட்டூரிஸ் ஒளிர்வதே வெகுவாகக் குறைந்தது. 2020இல் உலகம் முழுக்க உள்ள மின்மினி ஆய்வாளர்களிடம் சாரா லூயிஸும் மற்றவர்களும் கருத்துக் கேட்டார்கள். வாழிடம் அழிவது முதல் ஆபத்து. அதற்கடுத்துச் செயற்கை வெளிச்சமும் பூச்சிக்கொல்லியும். ஏமாற்றுகிற பெண் அந்தப் பட்டியலில் வரமாட்டாள். அவள் எத்தனை காலமாகவோ தின்றுகொண்டிருக்கிறாள், சின்னவன் இன்னும் இருக்கிறான். அவள் பொய் பலிக்க வேண்டுமென்றால் புல்வெளியில் வருகிற பதில்களில் பெரும்பாலானவை உண்மையாக இருந்தாகவேண்டும். எல்லாப் பதிலும் பொய்யாகிவிட்டால் எந்த ஆணும் இறங்கமாட்டான். தன் தேவைக்காகவேனும் அவளுக்கு அந்தப் பாஷை உயிரோடு இருக்கவேண்டும்.

வாசல் விளக்குக்கு அது தேவையில்லை. அது எதையும் சொல்வதில்லை, யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை. திருடனுக்குப் பயந்து போட்ட எல்.இ.டி. விளக்கு. ஒரு இரைச்சலான கல்யாண மண்டபத்தில் மைக்செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுவதை யோசித்துப் பாருங்கள். யாரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் பேசமுடியாது. அகஸ்டினிடம் கேட்டால் இந்த விளக்கைப் பற்றி அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, மனசே இல்லாத இடத்தில் பொய் எங்கே? வாய்மையைத் தீங்கிலிருந்து தொடங்கியவரிடம்தான் இதற்கு ஏதாவது வழி கிடைக்கும்.

மகாராஷ்டிராவில் பண்டார்தரா, புருஷ்வாடி பக்கம் மழைக்கு முன்னால், மே, ஜூனில் மின்மினி பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே இருப்பவை வேறு இனங்கள், அவற்றின் பேச்சு வேறு. கார் ஹெட்லைட்டும் போன் ஃப்ளாஷும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மின்மினியை அவ்வளவு நேசித்து, அத்தனை கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, கடைசியில் அதன் முகத்தில் வெளிச்சத்தை அடித்துப் படம் எடுக்கிறார்கள். ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டு விநாடி எண்ணி ஒரு பொய் சொல்கிறவனை நான் தேர்ந்தெடுப்பேன். அவன் குறைந்தபட்சம் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். கேள்வி என்று ஒன்று கேட்கப்பட்டது என்பதாவது அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது, சலிப்பானது. அமெரிக்காவில் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் வேறொரு மின்மினி இனத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வது போல, டார்ச்சில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி, தரையைப் பார்த்துப் பிடித்து நடந்துபோய், இடம் பிடித்ததும் அணைத்துவிடவேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். கொசு கடிக்கும். போன் எடுத்து மணி பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம் எண்ணலாம். ஒரு ஜே. ஒன்று, இரண்டு. கீழே புல்லுக்குள் ஒரு சின்ன மினுக்.

அது யார் என்று உங்களுக்குத் தெரியாது. எழுந்துபோய் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் அதோடு எல்லாம் நின்றுவிடும். உட்கார்ந்தே இருந்தால் அவன் திரும்புவது தெரியும். இன்னொரு ஜே, கொஞ்சம் தாழ்வாக. பதில். பிறகு புல் மட்டத்தில் அவனுடைய ஒளி, தண்டில் மேலே நகர்ந்துபோகும். பதில். அதன் பிறகு ரெண்டு பக்கமும் அணைந்துவிடும். கல்யாணமோ சாவோ, இந்தத் தூரத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பத்தடி தள்ளி இன்னொரு ஆண் எழுத ஆரம்பித்திருக்கும்.